எங்கள் வீட்டுப் பிறந்தநாளில் நூல் அறுந்த கதை

மைக் பிடித்துக் கத்துவதற்கென்றே ஆள் வைத்துப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிற காலம் இது. என் அண்ணன் மகனுக்குச் சேலத்தில் ஒரு ஏ.சி. ஹாலில் அப்படித்தான் நடந்தது. பலூனில் ஒரு வளைவு, வளைவுக்கு நடுவில் ஒரு சிம்மாசனம், சிம்மாசனத்தில் கோட்டு சூட்டோடு மூச்சு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பொடியன். கறுப்புச் சட்டை போட்ட ஒருவன் "ஹலோ கிட்ஸ்!" என்று காது கிழியக் கத்தினான். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தான், ஆளுக்கு ஒருமுறை வளையம் எறியவிட்டான், போட்டோ எடுத்தான், அடுத்த ஆளைக் கூப்பிட்டான். ரேஷன் கடை வரிசையில்கூட இதைவிடக் கொஞ்சம் கலகலப்பு இருக்கும். பாதிப் பிள்ளைகள் நழுவிப்போய் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, ஒருவன் ஷூ லேஸை இன்னொருவன் ஷூவோடு கட்டிவிட்டு உருண்டு புரண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். "பொறந்தநாள் மேசைக்கு மேல நடக்கலைங்க அண்ணி, அடியிலதான் நடக்குது" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இன்னும் இறக்கவில்லை.

அந்த ஹாலில் வைத்துத்தான் என் மகள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "அம்மா, என்ர பர்த்டேக்கு எங்க கிளாஸ் பிள்ளைங்களக் கூப்பிட்டா வருவாங்களா?" என்று கேட்டாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஜூன் மாதம்தான் அவளை ஊருக்குள் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து மாற்றி, சேலம் ரோட்டிலிருக்கும் பெரிய பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பில் சேர்த்திருந்தோம். மற்ற பிள்ளைகளெல்லாம் எல்.கே.ஜி.யிலிருந்தே ஒன்றாகப் படிப்பவர்கள். இவளை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கொடுமைப்படுத்தினார்கள் என்று புகார் சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. மதியச் சாப்பாட்டை மூலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். காலையில் வேன் வருகிற நேரத்துக்குச் சரியாக வயிறு வலிக்கும் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வயிறு கல்லுக்குண்டாட்டம் இருக்கும். டாக்டரிடம் போனதற்குப் பூச்சி மாத்திரை கொடுத்தார். பூச்சி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது.

"வருவாங்க சாமி, வராமப் போவாங்களா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வராமல் போனால் இந்தப் பிள்ளை இனி அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எங்கள் வீடு சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில். முன்னால் வீடு, பின்னால் தறிப்பட்டறை, இரண்டுக்கும் நடுவே ஒரு கொய்யா மரம் நிற்கிற வாசல். பட்டறையில் புடவைத் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் போனில் பேசுவதைக் கேட்பவர்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி எல்லோருக்கும் அப்படி ஒரு தொண்டை. என் வீட்டுக்காரர், என் மாமனார், என் ஓரகத்தி, நான், என் மகள் என்று வீட்டில் ஐந்து பேர். ஓரகத்தியின் வீட்டுக்காரர் புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாதி மாதம் வெளியூரில் இருப்பார்.

"ஈவண்ட் ஆளுகளுக்குச் சொல்லிரலாமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "இப்ப எல்லாரும் அவங்களத்தான கூப்பிடறாங்க."

"ஏனுங்க, ஒருத்தன் வந்து கத்தறதுக்கு நாம எதுக்குங்க காசு கொடுக்கோணும்? நானே கத்தறேன்."

"அதுவுஞ் சரிதான். நீ சும்மாவே கத்துவே" என்றார். வாழ்க்கையில் அவர் என்னோடு உடனடியாக ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

ஆக, விளையாட்டுகளை நானே செய்வது என்று முடிவாயிற்று. கடைக்குப் போகக் கூடாது, வீட்டில் கிடக்கிறதை வைத்தே செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வீராப்பு. தறிக்காரன் வீட்டில் என்ன கிடக்கும்? நூல் தீர்ந்துபோன காகிதக் கோன்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். புடவை வைக்கிற அட்டைப் பெட்டிகள், கழிவு நூல், ஜாக்கெட் துணித் துண்டுகள். கோன்களைக் கோபுரமாக அடுக்கினால் கழிவு நூலை உருட்டிய பந்தால் அடித்துச் சாய்க்கலாம். பெட்டி அட்டைகளை ஒட்டி ஓர் எருமையை வரைந்தேன், கண்ணைக் கட்டிக்கொண்டு வால் ஒட்டுவதற்கு. ஓரகத்தி அதைப் பார்த்துவிட்டு, "இது உங்க அண்ணி சாடையா இருக்குது" என்றாள். அதற்கப்புறம் எனக்கும் அப்படியே தெரிந்தது. ஒரு துணிப்பைக்குள் வேகவைத்த ஜவ்வரிசியைக் கொட்டி, கையை விட்டுப் பார்க்காமலே என்னவென்று சொல்ல வேண்டும் என்று ஓர் ஆட்டம். தவளை முட்டை என்று சொல்லி அலறவைப்பதாகத் திட்டம். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் உறவுக்காரர் ஒருவர் அட்டை நிறைய முட்டை கொடுத்தனுப்பினார். அவித்துவிட்டால் கரண்டி ஓட்டத்துக்கு ஆயிற்று.

இவற்றுக்கெல்லாம் மேலே நான் ரொம்பவும் நம்பிக்கொண்டிருந்தது நூல் ஆட்டம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிற நூல். நூலின் ஒரு நுனி முன் அறையில் பிள்ளையின் கையில் இருக்கும். அங்கிருந்து அது சன்னல் கம்பியில் நுழைந்து, கட்டிலுக்கு அடியில் போய், ஃபிரிட்ஜைச் சுற்றி, பின்கதவு வழியாக வாசலுக்கு வந்து, கொய்யா மரத்தைச் சுற்றி, மாடிப்படிக் கைப்பிடியில் ஏறி, மொட்டை மாடியில் போய் முடியும். முடிகிற இடத்தில் ஜாக்கெட் துணியில் நான் தைத்த சுருக்குப்பை, உள்ளே கடலை மிட்டாயும் ஒரு பம்பரமும். பிள்ளை நூலைச் சுற்றிக்கொண்டே போய்த் தன் பையைக் கண்டுபிடிக்க வேண்டும். நிறங்களுக்கா பஞ்சம் எங்கள் வீட்டில்? கடைக்காரர்கள் பெயர் வைக்கத் திணறுகிற நிறமெல்லாம் எங்களிடம் உண்டு. அறுந்துவிடக் கூடாதென்று நூலை இரட்டையாகப் போட்டேன். பைகளை நிறத்துக்கு நிறம் பார்த்துக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் குனிந்து நிமிர்ந்து இடுப்பு கழன்றுவிட்டது.

என் மகள் தன் பங்குக்கு நிபந்தனைகள் போட்டாள். "தறி ஓடக் கூடாது. தாத்தா சட்டை போடோணும். பெரியம்மா நைட்டியோட வரக் கூடாது. நீ கத்தக் கூடாது."

மாமனார் சட்டை போடுவது கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான். "ஏஞ்சாமி, தாத்தன் பனியனோட இருந்தா கேக்கு எறங்காதா?" என்று முனகிக்கொண்டே பீரோவைத் திறந்தார். ஓரகத்தி போட்டிருந்த நைட்டியைத் துவைத்து வாசல் கொடியில் காயப்போட்டுவிட்டுப் புடவை கட்டிக்கொண்டாள். நான் கத்த மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். எல்லோருக்கும் ஒரே ஓர் உத்தரவு மட்டும் போட்டேன். "ஆட்டம் முடியற வரைக்கும் யாரும் பின்கதவு வழியா நடக்காதீங்க, சந்து வழியாச் சுத்திப் போங்க." மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். பெரியவர்கள் தலையை ஆட்டினால் காதில் விழுந்தது என்று அர்த்தம் கிடையாது, அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். இரண்டு மணிக்கே என் மகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று ஆனது, யாரும் வரவில்லை. நான் உள்ளுக்கும் வெளிக்குமாக அலைந்தேன். "வெய்யில்ல நிக்காத கண்ணு, உள்ள வா" என்றேன். "இல்லம்மா, ஊடு தெரியாம தாண்டிப் போயிருவாங்க" என்றாள். அந்தச் சின்ன முகத்தைப் பார்க்க முடியாமல் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். கண்ணுக்குத் தெரியாத கடவுளையெல்லாம் கூப்பிட்டு, அப்படியும் வராவிட்டால் உங்களைச் சும்மா விட மாட்டேன் என்று மிரட்டினேன்.

மிரட்டலுக்கு மரியாதை இருந்தது. முதலில் ஒரு கார் வந்தது, பிறகு அடுத்தடுத்து வந்தன. கூப்பிட்ட அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் அம்மா மட்டும் போகாமல் இருந்துகொண்டாள். கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தாள், போனில் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். "தீம் என்னங்க?" என்று கேட்டாள். பிறந்தநாளுக்குத் தீம் இருக்க வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "நூலுங்க" என்றேன். "ஓ, டிஃபரண்டா இருக்கே" என்றாள்.

ஆட்டங்கள் ஒன்றும் மோசமாகப் போகவில்லை. கோன் கோபுரத்தை அடித்தார்கள், எருமையின் மூக்கில் வாலை ஒட்டினார்கள். கரண்டி ஓட்டத்தில் ஒரு பையன் பாதி வழியில் நின்று முட்டையை உரித்துத் தின்றுவிட்டு, காலிக் கரண்டியோடு முதலாவதாக ஓடிவந்தான். ஜவ்வரிசிப் பைக்குள் கையை விட்ட பிள்ளை அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் அவர்களுக்குள்ளேயே விளையாடிக்கொண்டார்கள். என் மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், விழுந்த கோனை எடுத்து அடுக்கினாள், தன் முறை வந்தபோதும் வேறு யாருக்கோ விட்டுக்கொடுத்தாள். தன் பிறந்தநாளில் தானே சப்ளையர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேக் வெட்டும்போது பிள்ளைகள் வாழ்த்துப் பாடினார்கள். பெயர் வருகிற இடத்தில் பாதிப் பேர் வாய்க்குள் முனகினார்கள். பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான். ஐந்து மாதம் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், பெயர் தெரியவில்லை. என் மகள் சிரித்த முகத்தோடு கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாள். இந்த நூல் ஆட்டமாவது இவர்களை ஒன்றாக ஓடவைக்காதா என்று என் நம்பிக்கையையெல்லாம் அதன் தலையில் ஏற்றினேன்.

பிள்ளைகள் முன் அறையில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில்தான் பின்னால் எல்லாம் நடந்தது. எங்கள் சனத்துக்கு ஒரு வியாதி உண்டு. அறுந்த நூல் தொங்குவதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. இரண்டு நுனியையும் பிடித்து, ஒரு திருகுத் திருகி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நகரும். தறியில் ஒரு நூல் அறுந்து கவனிக்காமல் விட்டால் புடவை பாழ். அதனால் பிறந்ததிலிருந்து கைக்கு அப்படியே பழகிவிடுகிறது. மூளையிடம் கேட்பதில்லை. பேசிக்கொண்டே போடும், டீ குடித்துக்கொண்டே போடும், சண்டை போட்டுக்கொண்டே போடும்.

மாமனாருக்கு நூல் ஏஜெண்டிடமிருந்து போன் வந்திருக்கிறது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஏஜெண்டைத் திட்டிக்கொண்டே, எந்தக் கதவு வழியாக வரக் கூடாது என்று சொன்னேனோ அதே கதவு வழியாக நுழைந்திருக்கிறார். குறுக்கே போன நூல் அத்தனையும் அவர் வயிற்றில் பட்டு அறுந்துவிட்டன. இரட்டை நூலாம்! அந்த வயிற்றுக்குத் தாம்புக் கயிறே காணாது. மனிதர் திட்டுவதை நிறுத்தவில்லை. நின்ற இடத்திலேயே, தொங்கிய நுனிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நிறம் பார்த்தாரா? கண் எங்கோ இருந்தது, கை வேலை செய்தது.

என் வீட்டுக்காரர் மாடிப்படியில் இதையே செய்தார். பைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கப் போனாராம். ஓரகத்தி கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப்போய்க் கொய்யா மரத்தடியில் இரண்டு நூலை அறுத்தாள். அதில் ஒன்றின் மறுநுனி கைக்கு அகப்படவில்லை. பக்கத்தில் அவளுடைய நைட்டியின் ஓரத்திலிருந்து ஒரு நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள்.

இந்த விவரமெல்லாம் தெரியாமல் நான் முன் அறையில் நின்று, ஆளுக்கு ஒரு நுனியைக் கையில் கொடுத்து, "ஒன்னு, ரெண்டு, மூணு, ஓடுங்க!" என்றேன்.

சன்னலும் கட்டிலும் ஃபிரிட்ஜும் ஒழுங்காகத்தான் போயின. பின்கதவில் ஆரம்பித்தது கூச்சல். "ஆன்ட்டி, என் ரெட்டு கிரீன் ஆயிருச்சு!" "ஆன்ட்டி, என்னுது எல்லோவாப் போகுது!" சிவப்பு பச்சையாகி, பச்சை கொய்யா மரத்தில் ஊதாவாகி, ஊதா மாடிப்படியில் மறுபடியும் சிவப்பாயிற்று. ஒரு பையன் சுற்றிச் சுற்றிப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தான். இரண்டு பெண்கள் ஒரே நூலின் இரண்டு நுனிகளிலிருந்து சுற்றிக்கொண்டே வந்து படிக்கட்டில் முட்டிக்கொண்டார்கள். முட்டை தின்ற பையன் மரத்தடியில் நின்று வெடுக்வெடுக்கென்று இழுக்க, கொடியிலிருந்த நைட்டி ஓரம் பிரிந்து நூலாக வந்துகொண்டே இருந்தது. "அடப்பாவி, என்ர நைட்டி!" என்று ஓரகத்தி ஓடினாள். கண்ணாடிக்காரி எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் எங்கள் வீட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். என் மகள் கையிலிருந்த நூலைப் போட்டுவிட்டுப் பட்டறைக்குள் ஓடிவிட்டாள்.

மானம் கப்பலேறியது ஒருபக்கம், பிள்ளையின் முகம் ஒருபக்கம். சத்தியமாவது மண்ணாவது, வாசலில் நின்று கத்தினேன். "யாருங்க இதத் தொட்டது? அத்தன படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நானில்ல" என்றார் என் வீட்டுக்காரர். "நானெங்க தொட்டேன்" என்றாள் ஓரகத்தி, நைட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு. மாமனார் மட்டும் நேர்மையாகப் பேசினார். "அறுந்து கெடந்துச்சு, சேத்து உட்டேன். அப்பிடியே உட்டுட்டுப் போறதுக்கு நானென்ன தறிக்காரனில்லையா? நாஞ் சேக்காம இருந்தா உன்ர ஆட்டமே நின்னு போயிருக்கும் அம்மிணி."

"நீங்க சேத்ததுனாலதாங்க மாமா நின்னு போச்சு!" என்று நான் பாய்ந்தேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அறுந்த நூலைப் பார்த்தால் இவர்களுக்கு அறிவு எங்கே போகிறது என்று கேட்டேன்.

"ஆன்ட்டி" என்று பக்கத்தில் ஒரு குரல். கண்ணாடிக்காரியின் மகள், ரெட்டைச் சடை போட்ட பெண். என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, நீங்களும் கட்டறீங்க."

குனிந்து பார்த்தேன். கதவோரம் தொங்கிய ஒரு மஞ்சளையும் ஒரு நீலத்தையும் பிடித்து, கத்திய கத்தலிலேயே அழகாக முடிச்சுப் போட்டிருந்தேன். நான் சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். என் கைக்கு மட்டும் என்ன தனிப் புத்தியா வந்துவிடும்?

ரெட்டைச்சடை ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு மெதுவாகப் போய், மாமனார் நின்ற இடத்துக்கு எதிரே இருந்த நூலைப் பட்டென்று அறுத்துவிட்டு விலகி நின்றாள். மாமனார் என்னோடு வாதாடிக்கொண்டே இரண்டு எட்டு வைத்து, இரண்டு நுனியையும் பிடித்து, முடிச்சுப் போட்டுவிட்டார். போட்டது தெரியாமலே வாதத்தைத் தொடர்ந்தார்.

பிள்ளைகள் "ஓ!" என்று போட்ட கூச்சலில் கொய்யா மரத்துக் கிளிகள் பறந்தன. அதற்கு மேல் அங்கே நடந்த எதற்கும் நான் பொறுப்பில்லை. பிள்ளைகளே சட்டம் போட்டார்கள். நூலை அறுப்பார்களாம், ஒளிந்துகொள்வார்களாம். எந்தப் பெரியவர் தொட்டாலும் அவுட்டாம், அவுட்டானால் தோப்புக்கரணமாம். என் வீட்டுக்காரர் கையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வீராப்பாக நின்றார். கண்ணெதிரே அறுந்த நூல் ஆடிக்கொண்டிருந்தது. தாங்க முடியாமல் ஒரு கை தானாக வெளியே வந்தது. அவுட். ஓரகத்தி தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள், "இப்ப என்ன பண்ணுவீங்க" என்றாள். முட்டைப் பையன் அவள் முகத்துக்கு முன்னாலேயே ஒன்றை அறுத்துக் காட்டினான். அவள் அவுட். மாமனார் அந்தக் கல்யாணச் சட்டையோடு தோப்புக்கரணம் போட, பிள்ளைகள் எண்ணினார்கள். மூன்றோடு முழங்கால் பிடித்துக்கொண்டது.

நான் பட்டறைக்குப் போனேன். தறிகள் நின்று பட்டறை அமைதியாக இருந்தது. கடைசித் தறிக்குப் பின்னால், சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள். புது ஃபிராக்கில் பஞ்சு அப்பியிருந்தது.

"எல்லாரும் நம்மளப் பாத்துச் சிரிக்கறாங்கம்மா. நாளைக்கு ஸ்கூல் பூரா சொல்லுவாங்க. நான் போக மாட்டேன்."

சிரிக்கிறார்கள் என்பது உண்மை, பட்டறைக்குள்ளேயே கேட்டது. இப்படி ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்த என் தலையில் நானே கொட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஃபிராக்கில் ஒட்டிய பஞ்சைப் பிய்த்து எடுத்தேன்.

அப்போது ரெட்டைச்சடை உள்ளே வந்தாள். கையில் ஒரு முழம் நூல். எங்களைத் தேடித்தான் வந்திருக்கிறாள். என் மகளுக்கு எதிரே நின்று, நூலை அவள் மூக்குக்கு நேரே நீட்டிப் பட்டென்று அறுத்தாள். இரண்டு நுனிகளும் ஆடின.

நான் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் மகளைப் பிடிக்க ஆள் இல்லை. அழுத கண்ணைத் துடைக்காமலே அவள் கைகள் எழுந்து போய், இரண்டு நுனியையும் பற்றி, ஒரு திருகுத் திருகி முடிச்சுப் போட்டன.

"அவுட்டு! நீ அவுட்டு!" என்று குதித்தாள் ரெட்டைச்சடை.

என் மகள் தன் கையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். முகம் சிவந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏய்! நான் வெளையாடவே இல்ல! அழுகுணி ஆட்டம்!"

"தொட்டா அவுட்டுதான்! தோப்புக்கரணம் போடு!"

"ஆரு சொன்னா? இது எங்க ஊடு!"

"உங்க ஊடா இருந்தா? ரூல்னா ரூல்தான்!"

"நீ போடி!"

"நீ போடி!"

என் மகள் எழுந்து நின்றுவிட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுத் தொண்டையில், தறி ஓடுகிற சத்தத்துக்கு மேல் பேசுகிற அந்தத் தொண்டையில், ஒரு பிடிபிடித்தாள். மற்றவளும் விடவில்லை. ஒருத்தி அறுத்தாள், ஒருத்தி பிடுங்கினாள், தறிக்குத் தறி ஓடினார்கள், வாசலுக்கு ஓடினார்கள். இரண்டு பேருக்கும் பின்னால் மற்ற பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டு ஓடினார்கள்.

என் வீட்டுக்காரர் பதறிக்கொண்டு வந்தார். "சண்ட போட்டுக்குதுங்க, போய் வெலக்கி உடு!"

"கம்முனு இருங்க" என்றேன். "யாராச்சும் வெலக்கி உட்டீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு என் பிள்ளையின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் எங்களைப் பிய்த்துத் தின்கிற அந்தக் குரல் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காதில் விழுவது அதுதான் முதல் தடவை. அதைவிட நல்ல சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

பரிசுப் பைகளில் எந்தப் பிள்ளை எந்த நிறத்தை எடுத்தது என்று யாரும் கவனிக்கவில்லை. இருட்டுக் கட்டுகிற நேரத்தில் கார்கள் வந்தன. கண்ணாடிக்காரி தன் மகளை ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். இன்னொரு கை கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தது. "சாரிங்க, இவ ஒரு அடங்காப்பிடாரி" என்றாள்.

"எங்க ஊட்லயும் ஒன்னு இருக்குதுங்க" என்றேன். வாழ்க்கையில் இப்படிப் பெருமையாக அதைச் சொன்னதில்லை.

கார்க் கண்ணாடி இறங்கியது. "நாளைக்கு ஸ்கூலுக்கு வா, பாத்துக்கறேன்!" என்றது உள்ளேயிருந்து ரெட்டைச்சடை. "வாரேன்டி, என்ன பண்ணிருவே!" என்று என் மகள் கார் திரும்பும்வரை கத்தினாள்.

அடுத்த நாள் காலை வேன் வருகிற நேரம். வழக்கம்போல ஓமத்தண்ணீரை டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு அவளைத் தேடினேன். படுக்கையில் இல்லை, பாத்ரூமில் இல்லை. ஷூ மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். வேன் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"ஏஞ்சாமி, இத்தன நேரத்துல இங்க என்ன பண்றே?"

தொந்தரவு செய்கிறேன் என்பதுபோல என்னைப் பார்த்தாள். "சண்ட பாதியில நிக்குதும்மா" என்றாள்.

வேன் வந்தது. ஏறி உட்கார்ந்தவள் என் பக்கம் திரும்பவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, உதடுகள் அசைந்தன. வேன் மறைந்த பிறகும் நான் டம்ளரோடு ரோட்டில் நின்று அழுதேன். பனியனோடு வெளியே வந்த மாமனார், "என்ன அம்மிணி, கண்ணுல?" என்று கேட்டார். பஞ்சு விழுந்துவிட்டது என்றேன். தறிக்காரர் வீட்டில் அது நடக்கக்கூடியதுதான். அவர் நம்பிக்கொண்டு உள்ளே போய்த் தறி மோட்டாரைப் போட்டார்.